போட்டோடயோடுக்கு நிறம் தெரியாது

மும்பை வெர்சோவாவில் கடலடி கேபிள்கள் கரையேறுகின்றன. தாராவியில் இருக்கும் அம்மா துபாயில் இருக்கும் மகனோடு வீடியோ காலில் பேசுவதெல்லாம் இப்படிப்பட்ட கேபிள் வழியாகத்தான். 125 மைக்ரான் பருமனுள்ள ஒரே கண்ணாடி இழையில் பல அலைநீள லேசர் ஒளிகள் ஒன்றாக ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனித் தகவலைச் சுமக்கிறது. என்னைக் கேட்டால், அனுப்புவதைவிட வாங்குவதில்தான் வித்தை அதிகம்.

ஒளியை மின்சாரமாக்குவது போட்டோடயோடு. இந்த வேலைக்குச் சிலிக்கான் ஆகாது. 1,100 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை அது உறிஞ்சாது, ஊடுருவிப் போகவிட்டுவிடும்; இழையில் ஓடும் ஒளியோ அதற்கும் மேல். அதனால் இண்டியம் காலியம் ஆர்சனைடு என்ற வேறொரு குறைக்கடத்தி. ஆனால் இந்த டயோடு நிறக்குருடு. 1,530 முதல் 1,565 நானோமீட்டர் வரை எது வந்தாலும் ஒரே மின்னோட்டமாகக் கலந்துவிடும். கலந்தபின் பிரிக்க வழியில்லை.

சரி, ஒளியாக இருக்கும்போதே பிரித்துவிடலாம். அடுத்தடுத்த அலைநீளங்களுக்கு இடையே பெரும்பாலும் 100 கிகாஹெர்ட்ஸ், அதாவது சுமார் 0.8 நானோமீட்டர்தான் இடைவெளி. பிரிக்கும் சில்லில் (சிப்) ஒளி, நீளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும் பல பாதைகளில் ஓடி மறுமுனையில் சந்திக்கிறது. ஒவ்வொரு நிறமும் வேறு வேறு இடத்தில் குவிகிறது. அங்கங்கே ஒரு டயோடு. சில்லின் சூடு 30 டிகிரி மாறினால் இந்தப் பிரிப்பு 0.3 நானோமீட்டர் நகர்ந்துவிடும். பக்கத்து அலைநீளம் உள்ளே கசியும். அதனாலேயே பல சில்லுகளை ஹீட்டர் வைத்து ஒரே சூட்டில் நிறுத்துகிறார்கள்.

வந்து சேரும் ஒளி 10 மைக்ரோவாட் என்றால், கிடைப்பது ஏறக்குறைய 10 மைக்ரோஆம்பியர். அதைப் பெருக்கும் சுற்றில் மின்தடையைக் கூட்டினால் இரைச்சல் குறையும், ஆனால் வேகமும் குறையும். வடிவமைப்பாளரின் இழுபறியெல்லாம் இங்கேதான்.

இன்றைய நெடுந்தூர இணைப்புகளில் வழி வேறு. ரிசீவருக்குள்ளேயே ஒரு லேசர் உண்டு. வரும் ஒளியோடு அதைக் கலந்து டயோடில் விழச் செய்தால், இரண்டின் அதிர்வெண் வித்தியாசம் மின்துடிப்பாக வெளிவரும். லேசருக்கு நெருங்கிய நிறம் மட்டுமே மெதுவாகத் துடிக்கும். மற்றவற்றின் துடிப்பு மின்சுற்றால் பின்தொடர முடியாத வேகம், தானாகவே விலகிவிடும். லேசரின் அலைநீளத்தை மாற்றினால் போதும், வேறு சேனல் வந்துவிடும். ஒளியின் கட்டமும் (phase, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) கையில் கிடைப்பதால், இழையில் நேர்ந்த சிதைவைக் கணக்குப் போட்டே சரிசெய்யலாம்.

ஆனாலும் எல்லா நிறங்களின் மொத்த வெளிச்சமும் டயோடில் விழுந்துகொண்டுதான் இருக்கும். அதற்காகத்தான் டயோடுகளை ஜோடியாக வைத்து, ஒன்றின் மின்னோட்டத்திலிருந்து மற்றதைக் கழிக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவானது அடிபட்டுப்போக, இரண்டிலும் எதிரெதிராக வரும் துடிப்பு மட்டும் மிஞ்சுகிறது.