மாத்திரை பழகிவிட்டதா, மாலைக் காபி மிஞ்சியதா?

"தூக்க மாத்திரை பழகிப்போச்சு டாக்டர், கொஞ்சம் பவர் கூட்டிக் கொடுங்க" என்று கேட்டு வருபவர்களிடம், அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன், பிற்பகலுக்குப் பிறகு எத்தனை முறை காபி, டீ குடிக்கிறீர்கள் என்றுதான் மனநல மருத்துவராக நான் கேட்பேன். அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து உட்கொண்டால் சில வாரங்களிலேயே அவை தரும் தூக்கம் குறையத் தொடங்கலாம் என்பது உண்மையே. ஆனால், மருந்து பலிக்காமல் போவதெல்லாம் பழகிப்போவதால் அல்ல.

விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் சேரும் அடினோசின்தான் கண்ணைச் சொக்க வைக்கிறது. அது போய்ப் பற்ற வேண்டிய இடங்களைக் காபி, டீயிலுள்ள காஃபீன் அடைத்துக்கொள்கிறது. மாத்திரையோ மூளையை அமைதிப்படுத்தும் காபா என்னும் வேறொரு வேதிப்பொருளின் வழியாக வேலை செய்வதால், இரண்டும் ஒரே உடலில் எதிரெதிராக இழுக்கின்றன. குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரு மடங்காகும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னர் 400 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டாலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தலைவலி மாத்திரைகள் சிலவற்றிலும் காஃபீன் உண்டு. அட்டையின் பின்புறத்தைப் படிப்பவர்கள்தான் குறைவு.

புகைப்பழக்கம் இந்தக் கணக்கை மேலும் சிக்கலாக்குகிறது. பீடி, சிகரெட் புகையிலுள்ள சேர்மங்கள் (நிகோட்டின் அல்ல) காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. புகையை நிறுத்தியவர் அதே அளவு காபியைத் தொடர்ந்தால், இரத்தத்தில் காஃபீன் ஏறி, தூக்கம் கெட்டு, பழி மாத்திரையின் மேல் விழுகிறது. அதே நொதியால் சிதையும் குளோசபின், ஒலான்சபின் ஆகிய மனநோய் மருந்துகளின் அளவும் அப்போது உயர்வதால், அவற்றை உட்கொள்பவர்கள் புகையை விட்ட செய்தியை மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

நெடுநாள் மது குடிப்பவருக்கு மாத்திரையின் வழக்கமான அளவு போதாததுபோல் தோன்றும். என்றாலும் மதுவும் மாத்திரையும் ஒரே இரவில் சேர்ந்தால் மூச்சு மந்தமாகி உயிரே போகலாம். காபி குடித்து அதைச் சரிசெய்ய முடியாது.

காபியைப் படிப்படியாகக் குறையுங்கள். திடீரென விட்டால் தலைவலி வரும். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தினால் வலிப்பே வரலாம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் என்னும் மருந்து, சோல்பிடெம் போன்ற தூக்க மருந்துகளை விரைவாகச் சிதைத்துவிடும் என்பதால், அந்தச் சிகிச்சையின்போது கூட்டிய அளவை, சிகிச்சை முடிந்ததும் மருத்துவரிடம் காட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.