டாக்கர்ஃபைலில் அழித்த சாவி இமேஜில் அப்படியே இருக்கும்

ஆப்பையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டியதுதான் டாக்கர் இமேஜ், அது போய்த் தங்கும் கிடங்கு ரெஜிஸ்ட்ரி, கட்டி அனுப்பும் வேலையைத் தானாகச் செய்யும் வரிசை சிஐ பைப்லைன். அப்படி சிஐ பைப்லைனில் டாக்கர் இமேஜ் கட்டி ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பும் டீம்கள் மதுரையில் இப்போது நிறையவே இருக்கின்றன. இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பார்க்குகளைச் சொல்லவில்லை. அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் மாடியில் ரெண்டு ரூம் எடுத்து, நாலைந்து பேர் உட்கார்ந்து, கீழமாசி வீதி மொத்தக் கடைக்கு பில்லிங், நகைக்கடைக்கு சீட்டு கட்டும் ஆப், ஆஸ்பத்திரிக்கு டோக்கன் என்று செய்து கொடுக்கிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். பில்ட் ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். போனதும் நான் முதலில் பார்ப்பது, அவர்கள் வெளியே அனுப்பும் இமேஜுக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

ஒரு ஆபீஸில் டாக்கர்ஃபைல், அதாவது இமேஜை எப்படிக் கட்ட வேண்டும் என்று வரி வரியாக எழுதிய ஃபைல், இப்படி இருந்தது. பிரைவேட் என்பிஎம் பேக்கேஜ் (ஜாவாஸ்கிரிப்ட் கோட் தொகுப்பு) எடுக்க டோக்கன் (பாஸ்வேர்டு மாதிரி ஒரு ரகசியச் சாவி) வேண்டும், அதனால் அந்த டோக்கன் இருக்கும் ஃபைலை ஒரு காப்பி வரியில் உள்ளே கொண்டு வருகிறார்கள், அடுத்த வரியில் இன்ஸ்டால், அதற்கடுத்த வரியில் அந்த ஃபைலை அழிக்கிறார்கள். டோக்கன் உள்ளே இருக்கிறது தம்பி என்றேன். "அண்ணே, அதான் கடைசி வரியில அழிச்சுட்டோமே" என்றார் அந்தப் பையன். இமேஜை கன்டெய்னராக ஓட்டி உள்ளே போய்த் தேடியும் காட்டினார், ஃபைல் இல்லைதான். அப்புறம் டாக்கர் சேவ் போட்டு இமேஜை ஒரு டார் ஃபைலாக எடுத்து, ஒவ்வொரு லேயரையும் தனித்தனியாகப் பிரித்தோம், டாக்கர்ஃபைலில் ஃபைல்களை மாற்றும் ஒவ்வொரு வரியும் இமேஜில் ஒரு லேயர். காப்பி வரி உண்டாக்கிய லேயரில் டோக்கன் முழுசாக உட்கார்ந்திருந்தது. அழித்த லேயரில் இருந்தது ஒரே ஒரு காலி ஃபைல், பழைய பெயருக்கு முன்னால் 'டாட் டபிள்யூஎச் டாட்' என்று சேர்ந்திருக்கும், "கீழே உள்ளதைக் காட்டாதே" என்று சொல்லும் அடையாளம் அது, அவ்வளவுதான்.

நம்ம ஊர்ச் சுவரில் போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டுகிற மாதிரிதான் லேயர்கள். மேலே உள்ளதை உரித்தால் கீழே உள்ளது தெரியும், உரிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், இமேஜை இழுக்க முடிந்தால் போதும்.

சிலர் ஃபைல் வேண்டாம் என்று பில்ட் ஆர்கில் (பில்ட் கட்டளையோடு தரும் மதிப்பில்) சாவியைக் கொடுக்கிறார்கள். அந்த ஆர்கை ரன் வரி (பில்டின்போது கட்டளை ஓட்டும் வரி) பயன்படுத்தினால் டாக்கர் ஹிஸ்டரி கட்டளையில் மதிப்போடு சேர்ந்து தெரியும். என்வ் வரியில் (ஆப்புக்கான அமைப்பு மதிப்புகளை வைக்கும் வரி) எழுதினால் டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளை போட்டதும் தெரியும். சரியான வழி, டாக்கரில் இமேஜ் கட்டும் பகுதியான பில்ட்கிட்டின் சீக்ரெட் மவுண்ட்: ரன் வரியில் மவுண்ட் வகை சீக்ரெட் என்று குறிப்பிட்டு, பில்ட் கட்டளையில் சீக்ரெட் ஆப்ஷனோடு கொடுத்தால், அந்த ஒரு வரி ஓடும்போது மட்டும் சாவி ஃபைலாகத் தெரியும், எந்த லேயரிலும் எழுதப்படாது. 2023-இல் வந்த டாக்கர் எஞ்சின் 23-லிருந்து லினக்ஸில் பில்ட்கிட் தான் இயல்பான பில்டர், அதனால் பெரும்பாலும் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. மல்டி ஸ்டேஜ் பில்ட் (பல கட்டமாகக் கட்டுவது) போட்டால் கவலையில்லை என்றும் சொல்வார்கள். பாதி உண்மை. கடைசி ஸ்டேஜ்தான் இமேஜாகப் போகும், ஆனால் பில்ட் வேகத்துக்காக கேஷை (அடுத்த பில்டுக்குச் சேமித்த லேயர்களை) மோட் மேக்ஸில் (எல்லா ஸ்டேஜையும் சேர்க்கும் அமைப்பில்) ரெஜிஸ்ட்ரிக்கே ஏற்றுமதி செய்கிறீர்கள் என்றால், இடையில் உள்ள ஸ்டேஜ்களின் லேயர்களும் அங்கே போய்விடும். அந்த கேஷ் ரெபோவை யார் யார் படிக்கலாம் என்று பாருங்கள்.

அடுத்து, புள்ளி புள்ளி காப்பி. ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் உள்ளே தள்ளும் வரி. டாக்கர் இக்னோர் ஃபைல் (எதை உள்ளே எடுக்கக்கூடாது என்ற பட்டியல்) இல்லாத ரெபோவில் (கோட் வைக்கும் இடத்தில்) இந்த வரி இருந்தால் பாஸ்வேர்டுகள் எழுதி வைக்கும் டாட் என்வ் போகும், கோடின் மாற்ற வரலாறு இருக்கும் டாட் கிட் ஃபோல்டரும் போகும், கிட் ஃபோல்டர் போனால் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ கமிட் பண்ணி எடுத்துவிட்ட பாஸ்வேர்டும் கூடவே போகும். சிஐயில் இன்னொன்றும் உண்டு. கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என்ற சிஐ சேவையில் கோடை இறக்கும் செக்அவுட், பல வெர்ஷன்களில் டோக்கனை அந்த கிட் கான்ஃபிகிலேயே எழுதி வைக்கும். இயல்பான டோக்கன் ஜாப் முடிந்ததும் செத்துவிடும், ஆனால் யாராவது தன் பர்சனல் டோக்கனைக் கொடுத்திருந்தால் அது காலாவதி ஆகும்வரை இமேஜுக்குள் உயிரோடு இருக்கும்.

இதெல்லாம் யாருக்கு நடக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட இமேஜ்களை ஆராய்ந்ததில், 8.5 சதவீத இமேஜ்களில் சாவியோ ரகசியமோ இருந்தது. 2021-இல் கோடை டெஸ்ட்கள் எவ்வளவு தொடுகின்றன என்று அளக்கும் கோட்கவ் நிறுவனத்தில் நடந்ததும் இதே ரகம்தான். அவர்கள் டாக்கர் இமேஜ் உருவாக்கும் முறையில் இருந்த ஓட்டையால் ஒரு சாவி வெளியே போய், அதை வைத்து பாஷ் அப்லோடர் ஸ்கிரிப்டை யாரோ மாற்றி, ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் 1 வரை அதை ஓட்டிய நிறுவனங்களின் சிஐ ரகசியங்களைக் கறந்துகொண்டிருந்தார்கள்.

2025 மார்ச்சில் நடந்த டிஜே ஆக்ஷன்ஸ் விவகாரம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 23,000-க்கு மேற்பட்ட ரெபோக்கள் பயன்படுத்திய ஒரு ஆக்ஷனின் (பைப்லைனில் சேர்க்கும் ஆயத்த ஸ்டெப்) வெர்ஷன் டேக்குகளை (வெர்ஷன் மேல் ஒட்டிய பெயர்களை) நச்சு கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள், அது ரகசியங்களை பில்ட் லாகில் கொட்டியது. டேக்கை யார் வேண்டுமானாலும் நகர்த்தலாம், அந்த ரெபோவில் எழுதும் உரிமை இருந்தால் போதும். இமேஜ்களின் லேட்டஸ்ட் டேக்கும் அப்படித்தான், நோட் 20 என்ற டேக்கும் அப்படித்தான். ஆக்ஷனை முழு கமிட் ஹாஷால் பின் பண்ணுங்கள், பேஸ் இமேஜை (உங்கள் இமேஜ் எதன் மேல் கட்டப்படுகிறதோ அதை) ஷா256 டைஜெஸ்டால் பின் பண்ணுங்கள். ஹாஷும் டைஜெஸ்டும் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடும் கைரேகை, டேக் மாதிரி நகர்த்த முடியாது. பின் பண்ணிவிட்டு அப்படியே விட்டால் பழைய ஓட்டைகளும் அப்படியே நிற்கும், ரெனவேட், டிபெண்டபாட் மாதிரி தானாகப் புது வெர்ஷன் தேடும் கருவியை வைத்து டைஜெஸ்டைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இமேஜை ரெஜிஸ்ட்ரிக்கு புஷ் பண்ணும் சாவியையும் பாருங்கள். டாக்கர் ஹப் என்ற பொது ரெஜிஸ்ட்ரியின் ஒரே பாஸ்வேர்டை எல்லா ரெபோவுக்கும் போட்டிருப்பார்கள், கேட்டால் ஓனருடைய சொந்த அக்கவுண்ட் என்பார்கள். ஒரு ரெபோவுக்கு மட்டும் எழுதும் டோக்கன், முடிந்தால் ஓஐடிசி (நிரந்தரச் சாவி இல்லாமல் சிஐ தன்னை நிரூபிக்கும் முறை) வழியாகச் சில நிமிடம் மட்டும் வாழும் டோக்கன், அதுவும் மெயின் பிராஞ்ச் பில்டுக்கு மட்டும். புல் ரிக்வெஸ்ட் (இந்த மாற்றத்தைச் சேருங்கள் என்று வரும் கோரிக்கை) பில்டுக்கு அது போகவே கூடாது.

பில்டையும் புஷ்ஷையும் தனித்தனி ஸ்டெப்பாக வைத்து, நடுவில் ட்ரஃபிள்ஹாக் மாதிரி ரகசியங்களைத் தேடும் ஒரு கருவியை இமேஜ் மேல் ஓட்டுங்கள். இலவசம்தான். ஏதாவது கிடைத்தால் பைப்லைன் அங்கேயே நிற்க வேண்டும், எச்சரிக்கை மட்டும் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

சரி, ஏற்கெனவே போய்விட்டது என்றால்? இமேஜை அழிக்க ஓடாதீர்கள், முதலில் சாவியை மாற்றுங்கள். டேக்கை நீக்கினாலும் டைஜெஸ்ட் வழியாக இழுக்க முடியும் நிலை பல ரெஜிஸ்ட்ரிகளில் உண்டு, ஏற்கெனவே இழுத்தவர்களிடம் நகல் இருக்கும். பேமெண்ட் கேட்வே, எஸ்எம்எஸ், டேட்டாபேஸ், எது வெளியே போனதோ அதை ரத்து செய்து, அந்தச் சாவியை யார் எங்கிருந்து பயன்படுத்தினார்கள் என்று லாகைப் பாருங்கள், பிறகு இமேஜைக் கவனிக்கலாம். தரவுக் கசிவு நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் சைபர் அவசர அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-லிருந்து இருக்கும் உத்தரவு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல், போதிய பாதுகாப்பு வைக்காததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். அந்த டேட்டாபேஸில் இருப்பது கடன் சொல்லிச் சரக்கு எடுத்த கடைக்காரர்களின் பெயரும் போன் நம்பரும், மாதச் சீட்டு கட்டும் பெண்களின் விலாசமும். உங்களை நம்பிக் கொடுத்தவரிடம் விஷயத்தை நீங்களே போய்ச் சொல்லுங்கள், வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரிய விடாதீர்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒன்று. ஃபைனல் இயர் புராஜெக்ட் இமேஜை ரெஸ்யூமேயில் காட்ட டாக்கர் ஹப்பில் போடுகிறீர்கள், நல்லதுதான். ஆனால் இல்லாத ரெபோ பெயருக்கு புஷ் பண்ணினால், செட்டிங் மாற்றாதவரை அது பப்ளிக்காகவே உருவாகும். உங்கள் கிளவுட் அக்கவுண்டின் சாவி உள்ளே இருந்தால், அதில் அடுத்தவன் மெஷின் ஓட்டுவான், பில் அப்பாவின் கார்டுக்கு வரும். இன்றைக்கே உங்கள் ஹப் பக்கத்தைத் திறந்து, பப்ளிக் என்று இருக்கும் ஒவ்வொரு இமேஜையும் சேவ் போட்டுப் பிரித்துப் பாருங்கள்.