வண்டி வாங்கும் முன் கேபிளுக்குக் காசு ஒதுக்குங்கள்

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கத்துக் கண்டெய்னர் யார்டுகளில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்டெய்னர் டிரெய்லரை இழுக்கும் புது மின்சார டிராக்டர் வந்து இறங்கியிருக்கும். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூஜையும் முடிந்திருக்கும். சார்ஜர் மட்டும் பெட்டி பிரிக்காமல் கிடக்கும். கேட்டால் "ஈபி லைன் இன்னும் வரலை சார்" என்பார்கள். அவசரத்துக்கு அந்தச் சார்ஜரை டீசல் ஜெனரேட்டரில் மாட்டுகிறவர்களும் உண்டு. புகையைக் குறைக்க வாங்கிய வண்டி அது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

யார்டு டிராக்டரும் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை இழுக்கும் வண்டியும் ஒரே ரகம். மெதுவாகப் போகும், கொஞ்ச தூரம் போகும், பாதி நேரம் என்ஜின் ஓடியபடி நிற்கும், வேலை முடிந்தால் அதே இடத்துக்குத் திரும்பும். மின்சாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. விமான நிலைய மாசைக் குறைக்க அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2004இல் ஒரு நிதித் திட்டம் தொடங்கியது. அது வண்டிக்கு மட்டுமல்ல, சார்ஜிங் வசதிக்கும் சேர்த்தே பணம் தருகிறது. நம் யார்டுகள் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

இங்கே நிதி என்றாலே வண்டி விலையில் கிடைக்கும் தள்ளுபடி என்று நினைக்கிறார்கள். அதனால்தான் இத்தனை சிக்கலும். 2024 அக்டோபரில் தொடங்கிய, மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் மின்வாகன மானியத் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 10,900 கோடி ரூபாய். அதில் மின்சார லாரிகளுக்கு 500 கோடி. ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் வரை கிடைக்கும். இதைக் கேட்டதும் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். நிபந்தனையை யாரும் படிப்பதில்லை. பழைய டீசல் லாரியை உடைத்ததற்கான சான்றிதழ் கட்டாயம். மானியம் சாலையில் ஓடப் பதிவாகும் சரக்கு வண்டிகளுக்கு உரியது. நம்பர் பிளேட் இல்லாமல் கேட்டுக்குள்ளேயே சுற்றும் யார்டு டிராக்டரை அதில் சேர்க்க முடியாது. சார்ஜிங் நிலையங்களுக்கு என்று அதே திட்டத்தில் 2,000 கோடி இருக்கிறது, ஆனால் அது பொதுச் சார்ஜிங்குக்கு. பூட்டிய யார்டுக்குள் உங்கள் வண்டிக்கு மட்டும் வைக்கும் சார்ஜர், டிரான்ஸ்பார்மர், கேபிள், கான்கிரீட் மேடை எல்லாம் உங்கள் கைக்காசு. வங்கிக் கடன் கேட்கும்போதே இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு தனியாகப் போய் நின்றால் கிடைப்பது கடினம்.

அடுத்து, எத்தனை கிலோவாட் என்ற கணக்கு. "பத்து வண்டி, பத்து சார்ஜர்" என்று விண்ணப்பம் எழுதுவது பெரிய தவறு. கணக்குக்கு ஒரு டிராக்டர் மணிக்கு 12 யூனிட் எடுக்கிறது, பேட்டரி 150 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேர ஷிப்டுக்கு 96 யூனிட். 60 கிலோவாட் சார்ஜரில் அதை நிரப்ப சுமார் 1 மணி 45 நிமிடம். ஷிப்டு மாறும் நேரத்தில் பத்து வண்டியையும் ஒன்றாக மாட்டினால் 600 கிலோவாட். அதற்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும், அந்த உச்சச் சுமைக்கான கட்டணத்தை (டிமாண்ட் சார்ஜ்) மாதாமாதம் கட்ட வேண்டும். அதே பத்து வண்டியும் இரண்டு ஷிப்டு ஓடினால்கூட ஒரு நாள் தேவை, இழப்பையும் சேர்த்து, சுமார் 2,100 யூனிட்தான். மூன்று சார்ஜர் 12 மணி நேரம் ஓடினால் முடிந்துவிடும். சுமை 190 கிலோவாட் அளவில் நிற்கும். அதற்கு எல்லா வண்டிக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு தராமல், முறை வைத்து அனுப்ப வேண்டும். இந்த அட்டவணையை மேற்பார்வையாளரும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து உட்கார்ந்து போட வேண்டும். இதற்கு ஒரு காசு செலவில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை.

"கரண்டும் வல்லூர் அனல் மின் நிலையத்து நிலக்கரியில்தானே வருது" என்ற கேள்வி வடசென்னையில் நியாயமானது. அந்தச் சாம்பலோடு வாழ்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் கிரிட்டில் காற்றாலை, சூரிய மின்சாரமும் கலந்திருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் மின்சார வண்டி ஏசியும் விளக்கும் தவிர எதையும் எரிப்பதில்லை. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்தப் புகை வெளியேறுவது கிளீனர் பையன்களின் மூக்கு உயரத்தில்.

வண்டி வந்த பிறகு கெடுவது பெரும்பாலும் நம் கடற்காற்றாலும் தூசியாலும்தான். சார்ஜர் கன்னை, அதாவது வண்டியில் செருகும் முனையை, தரையில் போடாதீர்கள். உப்பு ஏறி பின்னில் பச்சை பிடித்தால் அங்கே சூடாகும், சார்ஜர் வேகத்தைத் தானாகக் குறைக்கும், கடைசியில் நின்றுவிடும். உடனே "சார்ஜர் மட்டம்" என்று கம்பெனிக்குப் போன் போடுவார்கள். பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது. மேல்பூச்சு போய்விட்டால் கன்னையே மாற்ற வேண்டும். எண்ணூர் பக்கம் நிலக்கரித் தூசி அதிகம் என்பதால் சார்ஜரின் காற்று வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். எர்த் குழியின் மின்தடையைக் கோடையில் அளந்து பாருங்கள், மழைக்காலத்து அளவை நம்பாதீர்கள்.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி என்றால் வாரத்துக்கு ஒருமுறையாவது முழுசாக 100 சதவீதம் ஏற்றுங்கள். இல்லையென்றால் மீட்டர் காட்டும் அளவு தப்பாகி, 25 என்று காட்டும்போதே வண்டி நடுயார்டில் நிற்கும். பழைய ஃபோர்க்லிப்டின் ஈய பேட்டரிக்கு வேறு விதி. டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்னால் ஊற்றினால் ஆசிட் பொங்கி வழியும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அறைக் கதவைச் சாத்தாதீர்கள், பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள்.

சார்ஜர் வைக்கும் மேடையின் உயரத்தை 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் யார்டில் நின்ற தண்ணீரின் மட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் ஒரு அடியாவது வேண்டும். அப்படியும் பேட்டரி மூழ்கிவிட்டால் சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொட தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். உப்புத்தண்ணீர் குடித்த பேட்டரி நான்கைந்து நாள் கழித்தும் தீப்பிடிக்கும். கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 50 அடி தள்ளி வெட்டவெளியில் நிறுத்துங்கள். கம்பெனி ஆள் வந்து மின்கசிவு பார்க்கும் மெக்கர் கருவி போட்டுப் பார்த்து எழுதிக் கொடுக்கும் வரை வாட்ச்மேனைக்கூட அதற்குள் படுக்கவிடாதீர்கள்.