பொக்கை வாய்க்கும் பிரஷ் வேண்டும்

1994-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வு. நிமோனியா கண்ட முதியவர்களின் பற்களில், இரவு படுக்கும் முன், லேசான கதிரியக்கமுள்ள இண்டியம் என்ற உலோகம் கலந்த பசையைத் தடவிவிட்டார்கள். காலையில் நெஞ்சை ஸ்கேன் செய்தால், பத்தில் ஏழு பேருக்கு அது நுரையீரலுக்குள் இருந்தது. நிமோனியா இல்லாத முதியவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் அப்படி.

புரையேறுவது என்றாலே நமக்குச் சாப்பாட்டு நேரம்தான் ஞாபகம் வரும். இருமுவோம், கண் கலங்கும், உச்சந்தலையில் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்பார்கள். அந்த இருமல் இருக்கும்வரை பயமில்லை. முதியவர்களிடம் ஆபத்தானது சத்தமே இல்லாமல், தூக்கத்தில், சொந்த எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது. ஆரோக்கியமானவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தூக்கத்தில் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. இருமலும், மூச்சுக்குழாயின் நுண்மயிர்களும், வெள்ளணுக்களும் அதைச் சமாளித்துவிடும்.

வயதானால் என்ன மாறுகிறது? விழுங்கலையும் இருமலையும் தூண்டிவிடுவதில் தொண்டை நரம்புகளில் சுரக்கும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. மூளையின் ஆழத்தில், வெளியே தெரியாமலேயே, சின்னச் சின்ன ரத்த அடைப்புகள் வந்தால் டோபமின் குறையும். அதைத் தொடர்ந்து சப்ஸ்டன்ஸ் பி-யும் குறையும். தொண்டை மந்தமாகிவிடும். (எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளால் சிலருக்கு வறட்டு இருமல் வருகிறதே, அந்த மாத்திரைகள் இதே பொருளைச் சிதையவிடாமல் தடுப்பது அதற்கு ஒரு காரணம். அதற்காக டாக்டரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை மாற்ற வேண்டாம்.)

சரி, எச்சில் இறங்குவதை முழுக்கத் தடுக்க முடியாது. இறங்கும் எச்சிலில் என்ன இருக்கிறது என்பதை மாற்றலாம். பல்லில் படியும் காரை ஒரு கிராமில் சுமார் 10,000 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். உடல் தளர்ந்து, மாத்திரைகளால் வாயும் வறண்டுபோனவர்களுக்கு இன்னொரு சிக்கல்: வாயின் உட்புறத் தோலை மூடியிருக்கும் ஃபைப்ரோநெக்டின் என்ற புரதப் பூச்சு கரைந்துபோகிறது. கிளெப்சியெல்லா போன்ற முரட்டுக் கிருமிகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன.

வாயைச் சுத்தமாக வைத்தால் நிமோனியா குறையுமா என்று சோதித்தவர் ஜப்பானியப் பல் மருத்துவர் தகேயோஷி யோனெயாமா. ஜப்பானின் 11 முதியோர் இல்லங்களில் ஒரு பிரிவினருக்குப் பணியாளர்களே ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் சுமார் 5 நிமிடம் வாயைச் சுத்தம் செய்தார்கள். வாரம் ஒருமுறை பல் மருத்துவரோ பல் சுகாதாரப் பணியாளரோ வந்து பார்த்தார். மற்றவர்கள் வழக்கம்போல. இரண்டு ஆண்டுகளில் வழக்கம்போல விடப்பட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, சுத்தம் செய்யப்பட்டவர்களில் 11 சதவீதம். நிமோனியாவால் இறந்தவர்கள் முறையே 16 சதவீதம், 7 சதவீதம். 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இந்த முடிவில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது. நாக்கிலும் ஈறிலும் அண்ணத்திலும் கிருமிகள் வாழப் பல் தேவையில்லையே.

எல்லா ஆய்வும் இப்படி ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பிரஷோடு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தும் சேர்த்துப் பார்த்தார்கள், நிமோனியா குறையவில்லை. வடக்குக் கரோலினா இல்லங்களில் முதல் ஆண்டு குறைந்தது. இரண்டாம் ஆண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது அது நிலைக்கவில்லை. தினமும் இன்னொருவர் வாயைத் தேய்த்துவிடுவது அலுப்பான வேலை, அதில் தொய்வு வருவது எளிது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் செய்வதென்றால், படுக்கவைத்தபடி வேண்டாம். உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னே சாய்த்து, மென்மையான பிரஷில் பட்டாணி அளவுக்கும் குறைவாகப் பேஸ்ட். கொப்பளிக்க முடியாதவருக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவர்களைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மெல்லாத வாயில் எச்சில் குறைவு, அழுக்கு அதிகம். அப்புறம் பல்செட். டோக்கியோவில் 85 வயது தாண்டிய 524 பேரை மூன்றாண்டுகள் கவனித்ததில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இரவில் அதைக் கழற்றி, பிரஷால் தேய்த்து, தண்ணீரில் போட்டுவையுங்கள்.