புறாக்களைக் கொடுத்துவிட்ட பையன்

மண்டபம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, பிளஸ் டூ முடித்த மகனை வயிற்றுவலி என்று கூட்டி வந்தார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) "ரெண்டு மாசமா எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுந்தான் டாக்டரம்மா, ராத்திரி தூக்கமே இல்ல. நேத்துலேர்ந்துதான் சாந்தமா இருக்கான். வளத்த புறாவையெல்லாம் சித்தப்பா மகனுக்குக் குடுத்துட்டான்" என்றார். அவர் முகத்தில் நிம்மதி. எனக்கோ அந்தக் கடைசி வரியில் பக்கென்றது.

இந்த வயதில் மனச்சோர்வு பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே தெரியும். தலைவலி, வயிற்றுவலியாகவும் வரும். நம் ஊரில் அதைத் திமிர் என்பார்கள். முற்றினால் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். மந்திரிப்பதை நான் தடுப்பதில்லை, அதோடு நின்றுவிடாதீர்கள் என்பேன். அலைக்கழிந்த பிள்ளை திடீரென்று அமைதியாகி, ஆசையாக வைத்திருந்ததைத் தூக்கிக் கொடுத்தால், சாகும் எண்ணம் இருக்கிறதா என்று அன்றைக்கே விசாரியுங்கள். முன்பு ஒருமுறை உயிரை விட முயன்ற பிள்ளையென்றால் இன்னும் கவனம் வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், வீட்டில் வட்டிப் பேச்சு ஓடும். ரிசல்ட்டும் மே மாதம்தான். "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம்" என்று பிள்ளை அப்போது சொன்னால், கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள்.

அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நேராகவே கேட்டேன்: "செத்துப் போயிரலாம்னு தோணுதா தம்பி?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. அவன் ரொம்ப நேரம் தரையையே பார்த்திருந்துவிட்டுத் தலையாட்டினான். "அம்மாட்ட சொல்லிராதீங்க." அந்த வாக்கை மட்டும் கொடுக்க முடியாது, சேர்ந்தே சொல்லுவோம் என்றேன்.

அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். வீட்டிலிருந்த மாத்திரை, பூச்சிமருந்தையெல்லாம் அப்புறப்படுத்தச் சொன்னேன். கொஞ்ச நாள் அவனைத் தனியே விடவில்லை. வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: 104, 14416 இரண்டு உதவி எண்களிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று சிகிச்சையைத் தள்ளிப்போடும் வீடுகள் இன்னும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எடுத்துக்கொள்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

நாலாவது முறை வந்தபோது, சித்தப்பா மகன் புறாவுக்கு நேரத்துக்குத் தீனி வைப்பதில்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான்.