பிஸ்டனை மாற்றும் முன் அதைப் படியுங்கள்

செயின்சாவின் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கும்போது கையில் ஒரு எதிர்ப்பு தெரிய வேண்டும். அது தெரியாமல் கயிறு லேசாக வந்துவிட்டால் சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கவில்லை என்று அர்த்தம். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அளவில் இருக்கும். 100க்குக் கீழே போய்விட்டால் ஸ்டார்ட் ஆவதே பெரும்பாடு. பெரும்பாலும் சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனோ, அதைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையமான ரிங்கோ தேய்ந்திருக்கும்.

உடனே புது பிஸ்டன் வாங்கி மாட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பழைய பிஸ்டன் ஏன் கெட்டது என்று தெரியாமல் புதியதை மாட்டினால், அதுவும் அதே வழியில்தான் போகும்.

இந்த எஞ்சினின் அமைப்பு அப்படி. செயின்சாவை நிமிர்த்தியும் சாய்த்தும் கவிழ்த்தும் பிடித்து அறுக்க வேண்டியிருப்பதால், கார் எஞ்சினைப் போல அடியில் ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. அதனால் டூ ஸ்ட்ரோக் முறையில் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து விடுகிறோம். 50க்கு 1 என்ற கணக்கில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு வெறும் 20 மில்லி. அந்தக் கலவை கார்புரேட்டரில் காற்றோடு சேர்ந்து, பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் புகுந்து, பேரிங்குகளை நனைத்துவிட்டு மேலே எரியப் போகிறது. எரிபொருள்தான் இங்கே உயவும் தருகிறது. ஆவியாகும்போது சூட்டையும் தணிக்கிறது. எரிபொருள் குறைந்தால் மூன்று வேலையும் ஒரே நேரத்தில் குறைகிறது.

நிமிடத்துக்கு 13,000 சுற்று ஓடும் எஞ்சினில் பிஸ்டன் ஒரு நொடிக்கு 200 தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. 40 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய பிஸ்டன் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 0.08 மி.மீ. பெருக்கும். சிலிண்டர் சுவருக்கும் அதற்கும் உள்ள இடைவெளியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். சிலிண்டரும் விரியும், ஆனால் அதன் வெளிப்பக்கத் தகடுகளில் காற்று பட்டுக்கொண்டே இருப்பதால் பிஸ்டன் அளவுக்கு விரியாது. இடைவெளி மூடியதும் ஆயில் படலம் கிழிகிறது, உலோகம் உலோகத்தில் உரசுகிறது. இதைத்தான் எஞ்சின் சீஸ் ஆனது என்கிறோம்.

சரி, பிஸ்டனை எப்படிப் படிப்பது? சைலென்சரைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் துவாரம் வழியாகவே பிஸ்டனின் ஒரு பக்கம் தெரியும். அந்தப் பக்கத்தில் மட்டும் செங்குத்துக் கீறல்கள் இருந்தால், கலவையில் எரிபொருள் போதாமல் சூடேறியிருக்கலாம். எக்ஸாஸ்ட் பக்கம்தான் எப்போதும் அதிகச் சூடு. சுற்றிலும் உரசியிருந்தால் ஆயில் கலக்காத பெட்ரோல் மீது சந்தேகப்படலாம். கார்புரேட்டர் பக்கம் மட்டும் மணல் தாளால் தேய்த்ததுபோல மங்கியிருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டி மரத்தூளும் புழுதியும் உள்ளே போயிருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இதில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது முதல் வகை. கார்புரேட்டரின் திருகைத் திறந்து எரிபொருளைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கிராங்க் தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் ஆயில் சீலோ, கார்புரேட்டரை இணைக்கும் ரப்பர் குழாயோ விரிசல் விட்டிருந்தால், அங்கிருந்து வெறும் காற்று புகுந்துகொண்டே இருக்கும். அதில் பெட்ரோலும் இல்லை, ஆயிலும் இல்லை. எஞ்சின் சூடாகும்போது கசிவின் அளவும் மாறும் என்பதால் திருகு வைத்து அதைச் சமாளிக்க முடியாது. எஞ்சினின் துவாரங்களை அடைத்து, சுமார் அரை பார் அழுத்தம் கொடுத்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் காற்றை உறிஞ்சியும் பார்க்க வேண்டும். வெளித்தள்ளும் அழுத்தத்தைத் தாங்கும் சீல், உள்ளிழுக்கும்போது விட்டுக்கொடுப்பது உண்டு. இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர் செய்வது பாதி ரிப்பேர்தான்.

சிலிண்டரைப் பார்த்ததும் மனம் விட்டுவிட வேண்டாம். சுவரில் தெரியும் கோடுகள் பல நேரம் பிஸ்டனிலிருந்து வழித்து ஒட்டிய அலுமினியம்தான். அடியில் இருக்கும் நிக்கல் பூச்சு தப்பியிருக்கலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வைத்தால் அலுமினியம் நுரைத்துக் கரையும். நுரை அடங்கியதும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, ஆயில் பூசுங்கள். நுரை அடங்கவே இல்லை என்றால் பூச்சு போய், அமிலம் சிலிண்டரையே தின்கிறது. அந்தச் சிலிண்டர் இனி உதவாது. துவாரங்களின் ஓரத்தில் அமிலம் படக்கூடாது, அங்கே பூச்சு இல்லாத அலுமினியம் இருக்கும். குரோம் பூசிய சிலிண்டருக்கு இந்த வைத்தியமே வேண்டாம், அமிலம் குரோமையும் அரிக்கும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம்.

புது பிஸ்டனின் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட்டைப் பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்தில் ஒரு சின்ன ஊசி இருக்கும். ரிங்கின் இரு முனைகளும் அதை அணைத்தபடி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ரிங் சுழன்று, அதன் முனை துவாரத்தில் மாட்டி உடையும். பிஸ்டனைக் குறுக்கே துளைத்துச் செல்லும் பின்னை நழுவாமல் பிடித்திருக்கும் கம்பி வளையமான சர்க்ளிப்பைப் பழையதாகப் போடவே கூடாது. அதன் வாய் மேலே அல்லது கீழே பார்க்கட்டும். பக்கவாட்டில் இருந்தால், நொடிக்கு 200 உதறலில் கிளிப்பின் கை உள்ளே வளைந்து பள்ளத்திலிருந்து நழுவ இடமுண்டு. ஒரு கிளிப் நழுவினால் சிலிண்டரும் சேர்ந்தே போகும்.

கடைசியாக கார்புரேட்டர். மரத்தில் வைக்காமல் முழு வேகம் கொடுக்கும்போது சத்தம் கூர்மையாக, வழவழவென்று இருந்தால் எரிபொருள் போதவில்லை. லேசாகத் தடதடக்கும் கரகரப்பு வரும்வரை திருகைத் திறவுங்கள். எரிபொருள் சற்றுக் கூடுதலாக இருப்பதால் சில சுழற்சிகளில் எரியாமல் விட்டுப்போகும் சத்தம் அது. மரத்தில் சங்கிலி கடித்து எஞ்சினுக்குச் சுமை ஏறியதும் அந்தக் கரகரப்பு மறைந்து ஒரே சீரான முழக்கமாக மாறும்; வெளியே எடுத்ததும் திரும்ப வரும்.