வீட்டாரைப் படமெடுப்பதற்கு முன்

சொந்த வாழ்க்கையைப் படமாக்க வரும் மாணவர்களிடம் நான் முதலில் கதையைக் கேட்பதில்லை. படத்தில் இன்னும் யாரெல்லாம் வருகிறார்கள், இது அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்பேன். "அம்மாதானே, ஒன்றும் சொல்ல மாட்டார்" என்பார்கள். சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

அம்மா தன் பிள்ளையிடம் பேசுகிறார். கேமரா இருப்பது கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். வெளியாளிடம் வாயே திறக்காத விஷயம், கேட்பது பிள்ளை என்பதால் வந்து விழும். சுயசரிதைப் படத்தின் பலமும் ஆபத்தும் இதுதான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது, எடிட்டிங்கில் எது மிஞ்சும் என்று எடுப்பவருக்கே தெரியாது. கையெழுத்துப் போடுபவருக்கு எப்படித் தெரியும்? அதனால் ரஃப் கட்டை, அதாவது காட்சிகளை முதல் முறையாகக் கோத்த வடிவத்தை, காட்டி மறுபடியும் கேளுங்கள். இசை, கலர் எல்லாம் சேர்ந்த பிறகு காட்டினால், பிடிக்காவிட்டாலும் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஒரு மாணவியின் படத்தில் அப்பா பழைய கடன் ஒன்றைப் பற்றிப் பேசுவார். பேச்சு பாதியில் நின்றுவிடும். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார், மாட்டுவார், திரும்பவும் கழற்றுவார். இந்த ஷாட்டைத்தான் அவர் நீக்கச் சொல்வார் என்று மகள் பயந்தாள். அவரோ கடன் கொடுத்தவரின் பெயரை மட்டும் நீக்கச் சொன்னார். கேட்காமல் நாமே ஊகித்திருந்தால் நல்ல ஷாட் போய், பெயர் மிஞ்சியிருக்கும்.

சரி, படத்தில் வர முடியவே முடியாது என்று வீட்டார் சொன்னால்? முகம் இல்லாமலும் படம் எடுக்கலாம். இயக்குநர் ஷாந்தால் அக்கெர்மானின் 'நியூஸ் ஃப்ரம் ஹோம்' படத்தில் நியூயார்க் தெருக்கள் ஓட, தன் அம்மா எழுதிய கடிதங்களை அக்கெர்மானே வாசிக்கிறார். அம்மா திரையில் வருவதே இல்லை. சூ ஃப்ரீட்ரிக் தன் அப்பாவைப் பற்றி 1990இல் எடுத்த 'சிங்க் ஆர் ஸ்விம்' படத்தில், ஒரு சிறுமியின் குரல் 'அந்தப் பெண்', 'அவளுடைய அப்பா' என்றே கதை சொல்லும். அந்தத் தள்ளி நிற்றல்தான் படத்துக்கு வலு.

மறுப்பையே படமாக்கலாமே என்று சிலர் ஆலன் பெர்லினரின் 'நோபடீஸ் பிசினஸ்' (1996) படத்தைக் காட்டுவார்கள். அதில் அப்பா சலித்துக்கொள்கிறார், சண்டை போடுகிறார். ஆனாலும் மகனுக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்கிறார். எழுந்து போய்விட்டவரைப் பின்தொடர்ந்து எடுப்பதற்கு அது அனுமதி ஆகாது.

வகுப்பிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். கருத்துச் சொல்பவர்கள் ஷாட்டைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் பேசட்டும், "உன் அம்மா ஏன் அப்படி?" என்ற கேள்விக்கு இடம் கிடையாது. வலியைத் திறந்து காட்டச் சொல்லி மாணவரை நெருக்குவது ஆசிரியரின் வேலையே இல்லை.

அப்புறம், விழாவில் திரையிடச் சம்மதித்தவர் இணையத்தில் போடவும் சம்மதித்ததாக ஆகாது. அதைத் தனியாகக் கேளுங்கள், யோசிக்க நேரம் கொடுங்கள்.